குறட்டை மிஷினை பரணில் போடாதீங்க! மாஸ்க்கை மாத்தி பாருங்க!

சென்னை:

கடன் வாங்கி குறட்டை நோய்க்கு மிஷின் வாங்குவார்கள். பத்து நாள் மாட்டுவார்கள். "காத்து கண்ணுல அடிக்குது, மூக்குல புண்ணு, இருந்த தூக்கமும் போச்சு" என்று கழற்றி பரணில் ஏற்றி விடுவார்கள். பல வீடுகளில் நடக்கும் கதை இது. ஆனால் பல நேரம் தப்பு மிஷின் மேல் இல்லை. முகத்தில் மாட்டும் மாஸ்க் மேல்தான்.

வெறும் குறட்டை அல்ல

தூங்கும்போது தொண்டை சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்து விடுகிறது. 10 விநாடி, அதற்கு மேலும் கூட மூச்சு நின்று விடும். திடுக்கென்று முழிப்பு வரும். ராத்திரி முழுக்க இதே பாடு. இதுதான் 'ஸ்லீப் ஆப்னியா'. பகலில் கண் சொக்கும். பி.பி. எகிறும். லாரி, ஆட்டோ ஓட்டுபவர் என்றால் ஸ்டியரிங்கிலேயே தூங்கி விடும் ஆபத்து.

சிபாப் மிஷின் காற்றை அழுத்தமாக செலுத்தி மூச்சுப்பாதையை திறந்து வைக்கிறது. மாஸ்க்கில் காற்று கசிந்தால் அந்த அழுத்தம் தொண்டைக்கு போய் சேராது. மிஷின் ஓடும், ஆனால் வைத்தியம் நடக்காது.

1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் குழுவினர் இந்த சிகிச்சையை கொண்டு வந்தனர். அந்த காலத்தில் மாஸ்க்கை தினமும் ராத்திரி மூக்கில் பசை போட்டு ஒட்டினார்கள். இப்போது அந்த கஷ்டம் இல்லை. அவரவர் முகத்துக்கு தகுந்த மாதிரி பல அளவில் கிடைக்கிறது.

3 வகை மாஸ்க்

மூக்கு மாஸ்க்: மூக்கை மட்டும் மூடும். மூக்கால் மூச்சு விடுபவர்களுக்கு ஏற்றது.

பில்லோ மாஸ்க்: மூக்கு துவாரத்தில் பொருந்தும் சின்ன குஷன். மீசை, தாடி வைத்தவர்களுக்கும், முகத்தை மூடினால் பயப்படுபவர்களுக்கும் வசதி. அழுத்தம் அதிகம் என்றால் மூக்கில் எரிச்சல் வரலாம்.

முழு மாஸ்க்: மூக்கு, வாய் இரண்டையும் மூடும். வாயைத் திறந்து தூங்குபவர்களுக்கு. ஆனால் காற்று கசிய இடமும் அதிகம். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள். அப்புறம் மூக்கு மாஸ்க்கே போதும் என்று ஆகலாம்.

படுத்து பார்த்து வாங்குங்க

கடையில் நின்றபடி மாட்டி பார்த்தால் போதாது. படுத்தால் கன்னச் சதை நகரும். உங்கள் அழுத்தத்தில் மிஷினை ஓட விட்டு, மல்லாந்தும் ஒருக்களித்தும் படுத்து பாருங்கள். பல் செட் உள்ளவர்கள் ராத்திரி எப்படி தூங்குவார்களோ அப்படியே பாருங்கள். காற்று கசிந்தால் உடனே பட்டையை இறுக்காதீர்கள். இறுக்கினால் மூக்கு எலும்பு மேல் புண்தான் வரும். பெரும்பாலும் அளவுதான் தப்பாக இருக்கும்.

மாஸ்க்கில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியே காற்று வருவது கசிவு அல்ல. நாம் விடும் மூச்சு வெளியே போகும் வழி அது. அதில் டேப் ஒட்டினால் ஆபத்து. ராத்திரி கரண்ட் போய் மிஷின் நின்றால் மாஸ்க்கை கழற்றி விடுங்கள்.

காந்தம் உஷார்!

சில மாஸ்க்குகளில் பட்டையை மாட்ட காந்த கொக்கி இருக்கும். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி உள்ளவர்களுக்கு இது ஆபத்து என்று 2022-ல் அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறை எச்சரித்தது. லேத், வெல்டிங் வேலையில் கண்ணில் இரும்புத் துகள் தங்கியவர்களுக்கும் ஆகாது. பக்கத்தில் படுக்கும் கணவன், மனைவிக்கு இப்படி இருந்தாலும் காந்தம் வேண்டாம்.

எப்போ மாத்தணும்?

அமெரிக்காவில் மெடிகேர் இன்சூரன்ஸ், முழு மாஸ்க் குஷனை மாதம் ஒரு முறையும், மாஸ்க்கை 3 மாதத்துக்கு ஒரு முறையும், பட்டையை 6 மாதத்துக்கு ஒரு முறையும் மாற்ற பணம் தருகிறது. நம்ம ஊரில் பெரும்பாலும் கைக்காசுதான். அதனால் நாளை எண்ண வேண்டாம், அறிகுறியை பாருங்கள்:

* குஷன் மஞ்சளாகி, விறைத்து அல்லது கிழிந்து போயிருக்கிறதா?

* பட்டையை முன்பை விட இறுக்க வேண்டியிருக்கிறதா?

* காலையில் கண் எரிகிறதா, வாய் வறள்கிறதா?

* குறட்டையும் பகல் தூக்கமும் திரும்பி விட்டதா?

* மிஷின் திரையில் ஏ.எச்.ஐ. எண் 5-ஐ தாண்டுகிறதா? ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்ற கணக்கு அது.

இதில் ஒன்று இருந்தாலும் கவனியுங்கள். எடுத்த எடுப்பில் முழு மாஸ்க்கையும் வாங்க வேண்டாம். பல மாடல்களில் குஷன் மட்டும் தனியாக கிடைக்கும். பட்டை தொளதொளத்தால் பட்டை மட்டும். மாடல் பெயரையும் அளவையும் குறித்துக் கொண்டு கடைக்கு போங்கள். உடம்பு எடை நிறைய ஏறினாலோ இறங்கினாலோ அளவை மறுபடி பாருங்கள்.

குஷன் நாள்பட உழைக்க வழி இருக்கிறது. படுக்கும் முன் முகத்தை சோப்பு போட்டு கழுவுங்கள். தேங்காய் எண்ணெய், கிரீம் தடவிக் கொண்டு மாட்டினால் குஷன் சீக்கிரம் கெடும். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்பு போட்டு அலசி, நிழலில் காய வையுங்கள். ஸ்பிரிட், டெட்டால், வெயில் மூன்றும் வேண்டாம். பட்டையை வாரம் ஒரு முறை துவைத்தால் போதும்.

அடுத்தவர் போட்ட மாஸ்க்கை பாதி விலைக்கு வாங்காதீர்கள். மாஸ்க் மாற்றியும் பகலில் தூக்கம் விடவில்லை என்றால் நெஞ்சக நோய் டாக்டரிடம் போங்கள். போகும்போது மாஸ்க்கையும் மிஷினையும் கையோடு எடுத்துப் போங்கள். அதுவரை வண்டி ஓட்டுபவர்கள் கண் சொக்கினால் ஓரம் கட்டி விடுவதே நல்லது.