அந்நியப் பொருளும் நம்மவர் கடமையும்

அந்நியப் பொருள் என்றவுடன் தேசபக்தர்களின் நினைவில் எழுவது, 1921-ஆம் வருஷம் ஜூலை 31-ந் தேதி பம்பாயில் மகாத்மா காந்தி ஏற்றிவைத்த சீமைத் துணிச் சொக்கப்பனையே. அந்தப் பொருளைக் கண்ட இடத்தில் கொளுத்துவது அன்று தர்மமாயிருந்தது. நாம் இன்று எழுதப் புகுந்ததோ வேறொரு அந்நியப் பொருளைப் பற்றியதாகும். காசு கொடுத்து வாங்கிய உணவுப் பொட்டலத்துக்குள் கிடக்கும் கல், ஆணி, கண்ணாடிச் சில்லு, ரோமம் முதலியவற்றுக்கும் சட்டத்தில் ஏறக்குறைய இதே பெயர்தான். இந்த அந்நியப் பொருளைக் கண்டவர் கொளுத்தவும் கூடாது, எறியவும் கூடாது. கண்ணுங்கருத்துமாய்ப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஆனால் நம் ஜனங்கள் செய்வதென்ன? ஜீயபுரம் கடைத்தெருவில் ஒருவர் தம் குழந்தைக்கு ஒரு பிஸ்கோத்துப் பொட்டலம் வாங்கிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பிரித்தால் உள்ளே இரும்புக் கம்பித் துண்டொன்று கிடக்கிறது. அவர் சாதுவாயிருந்தால் முகத்தைச் சுளித்து அதை வாய்க்காலில் வீசிவிடுவார். முன்கோபியாயிருந்தால் கடைக்கு ஓடிச் சண்டையிடுவார். கடைக்காரர் வேறொரு பொட்டலத்தைக் கொடுத்துக் கெட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்வார். இருவர் விஷயத்திலும் சாட்சி அழிந்துவிட்டது. பிறகு நியாயம் எங்கிருந்து கிடைக்கும்?

2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். மும்பை மலாடு பகுதியில் ஓர் இளம் டாக்டர், வீட்டுக்கு வரவழைத்த ஐஸ்கிரீமைத் தின்கையில் வாயில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. பார்த்தால் நகத்தோடு கூடிய மனித விரல் துண்டு! அவர் அதை எறியாமல் ஐஸில் வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குச் சென்றார். பொருள் கெடாமலிருந்ததால் மரபணுச் சோதனை சாத்தியமாயிற்று. பூனாவுக்கு அடுத்த இந்தாப்பூரிலுள்ள தொழிற்சாலையில் வேலை செய்யும்போது விரலை இழந்த ஓர் ஏழைத் தொழிலாளியினுடையது அது என்று தெரியவந்தது. தொழிற்சாலையின் லைசென்ஸும் நிறுத்திவைக்கப்பட்டது. அத்தொழிலாளியின் கையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. அதைப் பிறிதொரு நாள் எழுதுவோம்.

அதே மாதத்தில் டில்லிக்கு அருகிலுள்ள நொய்டாவில் ஒரு மாது, அமுல் ஐஸ்கிரீம் டப்பாவில் பூரான் கிடந்ததென்று படத்துடன் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். தேசமெங்கும் அமளியாயிற்று. கூட்டுறவு ஸ்தாபனத்தார் டப்பாவைப் பரிசோதனைக்குக் கேட்டும் அது கொடுக்கப்படவில்லை என்று டில்லி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தனர். எதிர்த்தரப்பில் எவரும் ஆஜராகவில்லை. ஜூலை மாதத்தில் அப்பதிவுகளை நீக்கும்படி கோர்ட்டார் இடைக்கால உத்தரவிட்டனர். பூரான் இருந்ததா, இல்லையா? நாம் சொல்வதற்கில்லை. கையிலிருந்த பொருளைச் சோதனைக்கு ஒப்படைக்காதவரின் சொல், மெய்யேயாயினும், நியாயஸ்தலத்தில் நிற்காது என்பது மாத்திரம் தெளிவு.

சட்டம் பயின்ற நண்பர்கள் இங்கே ஸ்காட்லாந்து நத்தையை நினைப்பூட்டக்கூடும். 1928-ஆம் வருஷம் ஆகஸ்டு 26-ந் தேதி பெய்ஸ்லி நகரத்துச் சிற்றுண்டிச்சாலையொன்றில் டோனஹியூ என்னும் ஏழை மாதுக்கு அவருடைய சிநேகிதி இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். புட்டியிலிருந்து அழுகிய நத்தை வெளிவந்ததாக வழக்கு. விலை கொடுத்தவர் சிநேகிதியாகையால் குடித்தவருக்குக் கேட்கும் உரிமையில்லை என்று உற்பத்தியாளர் வாதித்தார். பிரபுக்கள் சபை 1932-ஆம் வருஷம் மே 26-ந் தேதி, மூவருக்கு இருவர் என்ற கணக்கில், அவ்வாதத்தைத் தள்ளியது. வேடிக்கை யாதெனில், நத்தை மெய்யாகவே இருந்ததா என்று எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவேயில்லை. வழக்கு அதற்குமுன் சமாதானமாய் முடிந்தது. நம் ஊர் வழக்காளிக்கு அத்தகைய அதிர்ஷ்டம் வாய்க்காது. நத்தையைக் காட்டு என்பதே முதற்கேள்வியாயிருக்கும்.

நிற்க. பொருளைக் கண்டவர் மேற்கொண்டு உண்பதை நிறுத்திவிட வேண்டும். கண்ணாடியோ உலோகமோ விழுங்கப்பட்டிருந்தால் மற்றதெல்லாம் பிறகு. திருச்சி புத்தூர்ப் பெரியாஸ்பத்திரிக்குச் சென்று, சிகிச்சையோடு டாக்டர் சீட்டையும் பெறுக. வீட்டிலிருப்போர், பொருளை உணவிலிருந்து பிரித்தெடுக்காமல் இருந்தபடியே படம் பிடிக்க வேண்டும். மேலுறையிலுள்ள தொகுதி எண், தயாரித்த தேதி, 14 இலக்க லைசென்ஸ் எண் ஆகியவையும் படத்தில் விழ வேண்டும். பிறகு உறை, மீதி உணவு, பொருள், ரசீது அனைத்தையும் ஒன்றாகக் கட்டிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். பானத்தில் மிதப்பது புட்டிக்கு வெளியிலிருந்தே தெரிந்தால் மூடியைத் திறக்கவே வேண்டாம். முத்திரை உடைந்த பொட்டலத்தைப் பற்றி, 'பிறகு நீரே போட்டீர்' என்று எதிர்க்கட்சி வக்கீல் சொல்லாமல் விடமாட்டார், நாமும் அத்தொழிலினரே.

கடைக்காரரிடம் வீராப்புப் பேசுவதில் பயனில்லை. முத்திரையிட்ட பொட்டலத்தை ரசீதோடு வாங்கிக் கெடுத்தேதி தாண்டாமல் விற்ற சிறு வியாபாரி, உள்ளே இருப்பதை எவ்வாறு அறிவார்? அதே தொகுதியைச் சேர்ந்த பிரிக்காத பொட்டலங்கள் அவரிடம் இருக்கும். அவற்றை விற்காமல் ஒதுக்கி வைக்கும்படி நயமாய்க் கேட்பதே விவேகம். கம்பெனியாருக்கு எழுதினால் சில சமயம் ஒரு பிரதிநிதி புன்சிரிப்புடன் வீடு தேடி வருவார். கையில் ஒரு பெட்டி மிட்டாயும் இருக்கும். அவர் நாடி வருவது அந்தக் கெட்ட பொட்டலத்தை. மிட்டாய்க்குப் பொட்டலத்தை மாற்றிக்கொள்வது பெரும் பேதைமை. அதைக் காட்டிப் பணம் பறிக்க முயல்வதோ தண்டனைக்குரிய குற்றம். அப்படிப்பட்டவர்களுக்காக நாம் இதை எழுதவில்லை.

முறையிடும் வழிகள் இரண்டு உண்டு. முதலாவது, திருச்சி ஜில்லா உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் எழுத்து மூலம் புகார் செய்வது. அவர்கள் கடையில் அதே தொகுதியை மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 54-ஆவது பிரிவின்படி அந்நியப் பொருள் கலந்த உணவுக்கு ரூ. 1 லட்சம் வரை அபராதமுண்டு. புழு பூச்சி பிடித்த உணவோ 'பாதுகாப்பற்றது' என்ற வகுப்பில் விழுந்து சிறைவாசத்துக்கே இடமளிக்கும். ஆயினும் அந்த அபராதம் சர்க்காருக்குச் செல்லுமேயன்றி வாங்கியவருக்கு வராது. தமக்கு நஷ்டஈடு வேண்டுவோர் நாடவேண்டியது இரண்டாவது வழியாகிய ஜில்லா நுகர்வோர் கமிஷன். 2019-ஆம் வருஷத்துச் சட்டம், வழக்காளி வசிக்கும் ஜில்லாவிலேயே மனுச் செய்ய இடம் தருகிறது. தொழிற்சாலை குஜராத்தில் இருந்தாலும் ஜீயபுரத்தார் திருச்சியிலேயே வழக்காடலாம். வாங்கிய விலை ரூ. 5 லட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணமில்லை. இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். வக்கீல் வைத்தே தீரவேண்டுமென்பதுமில்லை. முதற்புகாருக்கு 1915 என்ற எண்ணில் டெலிபோன் செய்தாலும் போதும்.

சட்டத்தில் ஒரு பெருங்குறையுண்டு. வாங்கியவரே உணவை அரசாங்கப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பி அறிக்கை பெறலாம் என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு தாராளமாய்ச் சொல்லுகிறது. ஆனால் அந்த நோக்கத்தை வாங்கும்போதே வியாபாரிக்குத் தெரிவித்துவிட வேண்டுமாம்! மூடிய பொட்டலத்துக்குள் ஆணி கிடப்பதை வாங்கும்போதே அறிவதற்கு ஞானதிருஷ்டியல்லவா வேண்டும்? இப்போதைக்கு ஓர் உபாயமுண்டு: அதே கடைக்கு மறுபடி சென்று, விஷயத்தைத் தெரிவித்து, அதே தொகுதியில் இன்னொரு பொட்டலம் வாங்கி அதை அனுப்பலாம். ஆனால் எல்லாப் பொட்டலத்திலும் ஆணி இராது. வீட்டில் பிரித்தபின் கண்டவரும், குறித்த சில நாட்களுக்குள் வியாபாரிக்கு அறிவித்துப் பகுப்பாய்வு பெறலாம் என்று பிரிவைத் திருத்துவதற்கு ஒரு வாக்கியம் போதும். நம் பிரதிநிதிகள் அடுத்த பார்லிமெண்டுக் கூட்டத்தில் இதை எழுப்ப வேண்டுமென்று கோருகிறோம்.