தவித்த எலியும் தளர்ந்த மனமும்

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எலி என்றாலே எதிரிதான். குலையைக் கடித்து நாசம் செய்யும் அதைப் பிடிக்க, கம்பத்தில் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கும் தோட்டங்கள் நம் நாட்டில் ஏராளம். அந்த எலியிடமிருந்துதான் மனச்சோர்வைப் பற்றி விஞ்ஞானிகள் நிறைய கற்றிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். தெங்கேரா கடைத்தெருவில் நின்று நாலு இளைஞர்களிடம் பேசினால் மூன்று பேராவது "ஒரே ஸ்ட்ரெஸ்" என்பார்கள். அதையும் "மன அழுத்தம்" என்கிறோம். மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பதையும் அதே பெயரால்தான் அழைக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. முன்னது நெருக்கடி, பின்னது மனச்சோர்வு எனும் நோய். நெருக்கடி எல்லாருக்கும் வருகிறது. சிலருக்கு மட்டும் அது ஏன் நோயாக முற்றுகிறது? எலிகளிடம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்.

நம்மவர்களுக்குப் பழக்கமான பெங்களூரிலேயே இதற்கு முக்கியமான ஒரு விடை கிடைத்தது. அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு, நிம்ஹான்ஸ் மனநலக் கழகத்தின் சங்கரநாராயண ராவுடன் சேர்ந்து 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் அசைய விடாமல் வைத்தார்கள். பத்து நாள் இப்படியே. பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நினைவுக்குத் துணைபோகும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பு உயிரணுக்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. பயத்தைக் கையாளும் அமிக்டாலாவிலோ நேர்மாறு. கிளைகள் தழைத்து வளர்ந்திருந்தன! அதாவது, நெருக்கடி மூளையை ஒரேயடியாக வாட்டுவதில்லை. நினைவைக் குறைத்துப் பயத்தை வளர்க்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, அதே குழு 2004-இல் சொன்னது. எலிகளுக்கு 21 நாள் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டாலா திரும்பவில்லை, பதற்றமும் போகவில்லை. "ரெண்டு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போய் வா, எல்லாம் சரியாகிவிடும்" என்று நாம் சொல்லும் ஆறுதல், எல்லா நேரமும் பலிக்காமல் போவதில் வியப்பில்லை.

இனி கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1967-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு இளைஞர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். (இன்று அந்த மாதிரி சோதனைக்கு அனுமதி கிடைப்பது கடினம், படிக்கும்போதே மனம் வலிக்கிறது.) ஒரு கூட்ட நாய்கள் தலையால் பலகையை அழுத்தினால் மின்னதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு கூட்டத்துக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் எதைச் செய்தாலும் நிற்காது. பிறகு, சிறிய தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற இடத்தில் இரு கூட்டங்களையும் விட்டார்கள். முதல் கூட்டம் தாண்டியது. இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு அடியை வாங்கின. "என்ன செய்தாலும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன" என்பதே அன்றைய விளக்கம். பாடப்புத்தகங்களிலும் அதுவே ஏறியது.

பல ஆண்டுகள் கழித்து, கொலராடோ பல்கலைக்கழகத்தில் எலி மூளையை ஆராய்ந்த மேயரே அந்த விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அதிர்ச்சி தொடர்ந்தால் மூளைத்தண்டில் உள்ள செரோட்டோனின் உயிரணுக்கள் தாமாகவே பொங்கி, உடலை முடக்கிப்போடுகின்றன. இது யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, பிறவி இயல்பு. "இதை என்னால் நிறுத்த முடிகிறது" என்று நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை கண்டுகொண்டால், அது கீழே சமிக்ஞை அனுப்பி அந்தப் பொங்கலை அடக்குகிறது. 2005-இல் வந்த ஆய்வில் முன்மூளையின் அந்தப் பகுதியை மருந்தால் செயலிழக்கச் செய்தபோது, அதிர்ச்சியை நிறுத்தும் வசதி கையில் இருந்தும் எலிகள் முடங்கிப்போயின. 2016-இல் செலிக்மனும் மேயரும் சேர்ந்தே எழுதிவிட்டார்கள்: முடங்குவது கற்றதல்ல, நிலைமை நம் கையில் இருக்கிறது என்பதைத்தான் மூளை கற்கிறது.

நம் வீடுகளில் இது எங்கே தைக்கிறது தெரியுமா? பத்து பாரெண்டாம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறி மாறி ஓடிவிட்டு, விடுமுறை நாளில் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் மகனை "சோம்பேறி" என்கிறோம். "நாங்கள் படாத கஷ்டமா? விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவர்கள் நாங்கள்" என்று பெரியவர்கள் சொல்வதிலும் பொய்யில்லை. ஆனால், எலிகள் வாங்கிய அதிர்ச்சி சமம்தான். மாறியது அதை நிறுத்தும் பிடி யார் கையில் இருந்தது என்பது மட்டுமே.

எலியை வைத்து எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எலிக்குக் குற்ற உணர்ச்சி உண்டா, கடன் கவலை உண்டா? 1977-இல் போர்சோல்ட் கொண்டுவந்த நீச்சல் சோதனையில், தண்ணீரில் விடப்பட்ட எலி நீந்துவதை நிறுத்தினால் "நம்பிக்கை இழந்தது" என்று எழுதிக்கொண்டார்கள். அது பலத்தைச் சேமித்துக்கொண்டு சமர்த்தாக மிதக்கிறது என்று இன்று பல ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

ஆறுதலான செய்தியும் அதே நிம்ஹான்ஸில் இருந்து வந்திருக்கிறது. நீண்ட நெருக்கடிக்கு ஆளான எலிகளை விளையாட்டுப் பொருள்களும் துணையும் உள்ள விசாலமான கூட்டில் விட்டபோது, ஹிப்போகாம்பஸில் குறைந்துபோன புது உயிரணு உற்பத்தி மீண்டது. கற்கும் திறனும் தேறியது என்று 2009-இல் அவர்கள் எழுதினார்கள்.

நம் நாட்டு சுகாதார ஆய்வின்படி, 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023-இல் 4.6 விழுக்காடாகிவிட்டது. ஏறக்குறைய 10 லட்சம் பேர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது சட்டப்பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2023-இல் முடிவெடுத்தது. ஆகவே உதவி கேட்கப் போலீஸை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. அரசாங்க சுகாதார கிளினிக்கில் கேள்வித்தாள் கொடுத்து மனநிலையைப் பரிசோதிக்கிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பவே முடியவில்லை என்பவர்களுக்கு சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 15555.