அருவியில் குளிக்கலாமா, டாக்டர்?

ஆனி பிறந்து மேற்கு மலையில் மேகம் இறங்கிவிட்டால், புறநோயாளர் பிரிவில் மாத்திரைகளைப் பற்றிய கேள்விகளுக்கு நடுவே இந்தக் கேள்வியும் தவறாமல் எழும். சுரண்டை வட்டாரத்தாருக்குச் சீசனில் ஒரு முறையேனும் குற்றாலத்தில் தலை நனைக்காவிட்டால் மனம் நிறையாது. ஆகவே ‘கூடாது’ என்று நான் எளிதில் சொல்வதில்லை. யார் குளிக்கலாம், எவ்வாறு குளிக்கலாம் என்பதையே நாம் அறிய வேண்டும்.

முதலில் இதய நோயாளர். குளிர்ந்த நீர் திடீரென உடலில் படும்போது தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயத்தின் வேலைப்பளு கூடுகிறது. அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்கள், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், நடந்தாலே நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ வருபவர்கள் இந்தச் சீசனில் அருவிக்கு அடியில் நிற்க வேண்டாம். நோய் கட்டுக்குள் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே செல்ல வேண்டும். முதலில் கை கால்களை நனைத்து, அருவியின் ஓரத்தில் சிறிது நேரம் குளித்தால் போதும்.

அடுத்து நீரிழிவு. சில ஆண்டுகளுக்கு முன் அருவிக்குச் சென்று திரும்பிய ஒருவர், ஐந்தாம் நாள் பாதத்தில் சீழ் வைத்த புண்ணோடு வந்தார். உணர்ச்சி மரத்த பாதமாதலால் கல் கிழித்ததே அவருக்குத் தெரியவில்லை. இறுதியில் ஒரு விரலை அகற்ற நேர்ந்தது. ஆகவே வெறுங்காலுடன் பாறையில் நடக்காதீர்கள். வார் வைத்த ரப்பர் செருப்பு அணியுங்கள். குளித்ததும் விரலிடுக்கு வரை ஈரம் துடைத்து, பாதத்தை உடன் வந்தவரிடம் காட்டுங்கள். வெறும் வயிற்றில் குளிக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்சுலினை விட்டுச் செல்லவும் கூடாது.

வலிப்பு நோயாளர், மாத்திரை ஒழுங்காக உட்கொண்டாலும், அருவிக்கு அடியில் நிற்பதைத் தவிர்க்க வேண்டும். பாதுகாப்பான இடத்தில் அமர்ந்து, துணைக்கு ஒருவர் இருக்க, வாளியில் பிடித்த நீரை ஊற்றிக் குளிப்பதே நலம்.

அருவியின் இயல்பையும் மறந்துவிடலாகாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. நாம் நிற்கும் இடத்தில் மழை இல்லாதபோதும், மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் வந்து சேரும். நடை தளர்ந்தவரை அழைத்துச் செல்வோர் வெளியேறும் படிகளுக்கு அருகிலேயே இருங்கள். நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, காவலர் சொல்லும் வரை காத்திராமல் வெளியேறுங்கள்.

குளிக்க இயலாதவர்கள் வீட்டிலேயே முடங்க வேண்டியதில்லை. ஐந்தருவியின் சுற்றுச்சூழல் பூங்காவில் சாரல் படும் இடத்தில் அமர்ந்திருக்கலாம். சூரியகாந்தி பூக்கும் காலமாயின் சுந்தரபாண்டியபுரம் வயல்கள் நமக்கு அருகிலேயே உள்ளன.

நோயாளரைக் கவனித்துக்கொள்வோருக்கும் ஒரு சொல். பக்கவாதத்தால் படுத்திருக்கும் கணவரை ஓராண்டுக்கு மேலாகப் பேணி வந்த அம்மையார் ஒருவரிடம், அரை நாள் வெளியே சென்று வரும்படி கூறினேன். “அவுகள விட்டுட்டு எப்படிப் போக, டாக்டர்?” என்றார். நாத்தனாரை அன்று மட்டும் வீட்டில் இருக்கச் செய்து, மருந்து வேளைகளைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினோம். அடுத்த முறை வந்தபோது, அன்றிரவு நன்றாக உறங்கியதாகச் சொன்னார். பேணுவோரின் ஓய்வும் நோயாளருக்குச் செய்யும் பணிவிடையே.

புறப்படுமுன் மருந்துச் சீட்டின் நகல், அன்றைய மாத்திரைகள், இன்ஹேலர், சிறிது சர்க்கரை, மாற்றுடை ஆகியவற்றைப் பையில் வையுங்கள். குளிக்கையில் நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ உடனே வெளியே வந்து 108-ஐ அழையுங்கள். தென்காசி அரசு தலைமை மருத்துவமனை அருகிலேயே உள்ளது.

இவ்வாண்டு குற்றாலம் செல்ல எண்ணியிருந்தால், அடுத்த பரிசோதனையின்போது தயங்காமல் கேளுங்கள். உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற விடையைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.