மதீனாவை நெருங்கிய நெருப்பு

எங்கேனும் பூமி அதிர்ந்து உயிர்கள் மாய்ந்தால், அது அவ்வூராரின் பாவத்திற்குக் கிடைத்த தண்டனை எனத் தீர்ப்புரைக்க நம்மில் சிலர் தயங்குவதில்லை. அத்தகையோர் ஹிஜ்ரி 654-ஆம் ஆண்டின் மதீனா வரலாற்றைப் படித்தல் நலம்.

அவ்வாண்டு (கி.பி. 1256) ஜமாதுல் ஆகிர் மாதத் தொடக்கத்தில் மதீனாவில் நிலநடுக்கங்கள் தொடர்ந்தன. சில நாள்களில் நகருக்குத் தென்கிழக்கே நிலம் பிளந்து நெருப்புப் பீறிட்டது. 52 நாள்கள் வெளிப்பட்ட பாறைக்குழம்பு சுமார் 23 கிலோமீட்டர் தூரம் ஓடி, நகருக்கு 8 கிலோமீட்டர் அருகில் வந்து நின்றது. மக்கள் மஸ்ஜிதுந் நபவியில் திரண்டு தௌபாச் செய்தனர். இச்செய்திகளைத் தாங்கி வந்த கடிதங்களை திமிஷ்க் நகர வரலாற்றாசிரியர் அபூ ஷாமா பதிவு செய்து வைத்தார். ஹிஜாஸில் ஒரு நெருப்பு வெளிப்படும் என்னும் நபிமொழியை விளக்குகையில், இமாம் நவவீ அவர்களும் தம் காலத்து இந்நிகழ்வைக் குறிப்பிடுகிறார்கள்.

இதன் காரணத்தை இன்றைய நிலவியல் விளக்குகிறது. அரபு நிலத்தட்டு ஆப்பிரிக்கத் தட்டை விட்டு ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் விலகுகிறது, அவ்விடைவெளியே செங்கடல். ஆழத்தில் அழுத்தம் குறையும்போது பாறை உருகுகிறது. உருகிய குழம்பு மேற்பாறைகளைப் பிளந்துகொண்டு எழுவதால் நிலம் அதிர்கிறது. அதிர்வு முந்தியதும் நெருப்புப் பிந்தியதும் இதனாலேயே. 2009-இல் மதீனா மாநிலத்தின் அல்-ஈஸ் பகுதியில் இத்தகைய அதிர்வுகள் தோன்றியபோது, 30,000-க்கும் மேற்பட்டோர் முன்னெச்சரிக்கையாக வெளியேற்றப்பட்டனர். குழம்போ மேலே வராமல் நின்றுவிட்டது.

அதே அரபுத் தட்டு வடக்கே அனத்தோலியத் தட்டுடன் உரசுகிறது. அங்கு நெடுங்காலம் தேங்கிய விசை 2023 பிப்ரவரி 6 அன்று விடுபட்டபோது, துருக்கியிலும் சிரியாவிலும் 50,000-க்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றவை இடிந்து வீழ்ந்த கட்டடங்களே. விதிகளை மீறிக் கட்டியவர்களின் குற்றத்தை, இடிபாடுகளில் மாண்டவர்களின் பாவமாகக் கணக்கெழுதுவது நீதியாகாது.

தம் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ, மக்கள் அதனை அம்மறைவோடு இணைத்துப் பேசினர். நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்து, அவை இறைவனின் அத்தாட்சிகள் என்றுரைத்துத் தொழுமாறு பணித்தார்கள். அத்தாட்சியைக் காண்போர் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே இதில் நாம் பெறும் படிப்பினை. அன்று மதீனாவாசிகள் செய்ததும் அதுவே. நபியவர்கள் துயிலும் நகரின் வாயிலருகே வந்த நெருப்பை நினைவில் கொண்டோர், பிறர் ஊரின் துயரைக் கண்டு தீர்ப்புரைக்கத் துணியார். துஆவுக்கும் உதவிக்குமே கையை நீட்டுவர்.