கூரைக்குக் கீழே வழி காட்டும் அலைகள்!

ஊர் பேர் தெரியாத தெருவில் நின்றாலும், நிற்கும் இடத்தைச் செல்போன் சரியாகக் காட்டி விடுகிறது. அதே மனிதர் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து நாலு கூடம் தாண்டினால் போதும். செல்போன் திணறுகிறது!

காரணம் என்ன?

வெளியே வழி காட்டுபவை செயற்கைக் கோள்கள். அவை பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் அலைகள் பூமிக்கு வந்து சேருவதற்குள் மிகவும் மெலிந்து விடுகின்றன. கான்கிரீட் கூரை குறுக்கிட்டால் இன்னும் மங்கி விடுகின்றன.

இது வழி தெரியாத தொல்லை மட்டும் அல்ல, உயிர்ப் பிரச்சினை! இருபது மாடிக் கட்டிடத்தில் ஒரு பெண்ணுக்கு மூச்சு அடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அவசர எண்ணை அழைக்கிறாள். பேச முடியவில்லை. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்து விடும். ஆனால் எந்த மாடி? எந்த அறை?

சுவரே துப்பு

இதற்கு ஒரு வழியை இரண்டு விஞ்ஞானிகள் 2000-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒருவர் பரம்வீர் பாஹல். மற்றவர் வெங்கட பத்மநாபன், டில்லி ஐ.ஐ.டி.யில் படித்தவர். இருவரும் அப்போது அமெரிக்காவில் மைக்ரோசாப்ட் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார்கள்.

அலைகளைத் தடுக்கும் சுவர்களையே அவர்கள் துப்பாக ஆக்கிக் கொண்டார்கள்!

வைபை பெட்டிக்குப் பக்கத்தில் அலை வலுவாக இருக்கும். தள்ளிப் போனால் மெலியும். சுவர் குறுக்கிட்டால் மேலும் மெலியும். ஆகவே, ஒரு கட்டிடத்தில் மூன்று பெட்டிகள் இருந்தால், ஒவ்வொரு இடத்திலும் மூன்று அளவுகள் கிடைக்கும். அந்த மூன்றும் சேர்ந்து அந்த இடத்தின் கைரேகை போல ஆகிவிடும்.

50-க்கு மேற்பட்ட அறைகள் கொண்ட ஒரு தளத்தில், மடிக் கணினியை வைத்துக் கொண்டு 70 இடங்களில் அளவு எடுத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் நாலு திசை பார்த்து நின்றார்கள். ஏன் தெரியுமா? மனித உடம்பில் பெரும் பகுதி தண்ணீர். அது அலையை உறிஞ்சும். முதுகைத் திருப்பினாலே அளவு மாறிவிடும்!

முடிவில், பாதித் தடவை பிழை 3 மீட்டருக்குள் அடங்கியது. ஓர் அறையின் அகலம்தான்!

கையடக்கக் கருவி

மடிக் கணினி செய்த வேலையை இன்று ஸ்மார்ட்போன் செய்கிறது. கட்டிடத்தின் வரைபடத்தைத் திரையில் வைத்துக் கொண்டு ஒருவர் நடக்கிறார். சில அடிக்கு ஒரு தடவை நின்று அளக்கிறார். பெட்டியின் அருகே மைனஸ் 40 என்று காட்டும். தூரத்தில் மைனஸ் 70 என்று காட்டும். வித்தியாசம் 30 தானே என்று நினைக்கக் கூடாது. அலையின் வலிமை ஆயிரத்தில் ஒரு பங்காகி விட்டது என்று அர்த்தம்!

பிறகு அங்கே வருகிறவரின் போன் காட்டும் அளவுகளை இந்தப் பதிவோடு ஒப்பிட்டால், அவர் நிற்கும் இடம் தெரிந்து விடும்.

ஒரு சங்கடம் உண்டு. பெட்டியை இடம் மாற்றினாலும், புதிதாகத் தடுப்புச் சுவர் எழுப்பினாலும் பழைய பதிவு பொய்யாகி விடும். மறுபடியும் அளக்க வேண்டியதுதான்.

2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9-ல் இன்னொரு முறை சேர்க்கப்பட்டது. அலை பெட்டிக்குப் போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும் முறை அது. ஆனால் போன், பெட்டி இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும்.

எந்த மாடி?

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அதை அளக்கும் சிறு கருவி பல போன்களில் இருக்கிறது. மாடியை அறிய அது உதவுகிறது.

கட்டிடத்துக்குள் இருந்து வரும் அவசர அழைப்புகளுக்கு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2019-ல் ஒரு விதி செய்தது. 100-க்கு 80 அழைப்புகளிலாவது, போன் இருக்கும் உயரம் 3 மீட்டருக்கு மேல் பிசகக் கூடாது என்பது விதி. 3 மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு மாடியின் உயரம்.

மீதி 20 அழைப்புகள்? அங்கே வாய்ச் சொல்தான் துணை! உதவிக்கு அழைப்பவர் முதலில் சொல்ல வேண்டியவை மூன்று: கட்டிடத்தின் பெயர், மாடி, அறை எண். வீட்டுக் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வைப்பது நல்லது.