சங்கக் கணினியில் மறைவாக நடக்கும் அட்டவணை வேலை

கூலிப் பட்டுவாடா நாளன்று நெசவாள அங்கத்தினர்கள் வாயிலில் காத்திருக்க, உள்ளே குமாஸ்தா அசையாத கணினியின் முன் கையைப் பிசைந்துகொண்டு அமர்ந்திருப்பது சில சங்கங்களில் காணக்கூடிய காட்சியாகும். விளைபொருளுக்குப் பணம் பெற வரும் விவசாய அங்கத்தினர்களுக்கும் இதே கதிதான். உடனே, புதுக் கணினி வாங்க வேண்டுமென்ற தீர்மானம் நிர்வாகக் குழுவின் முன் வந்துவிடுகிறது. சங்கப் பணத்தைச் செலவிடுமுன் ஆராய வேண்டிய ஒரு காரணத்தை இங்கு விளக்க விரும்புகிறேன்.

பேரேட்டின் முதற் பக்கங்களில் அங்கத்தினர் பெயர்களை அகர வரிசையில் எழுதி, எதிரே பக்க எண்ணைக் குறிப்பது நம் வழக்கம். கணினியும் அவ்வாறே கோப்புகளின் பெயர்களையும், பலவற்றின் உள்ளே இருக்கும் சொற்களையும் படித்து ஓர் அட்டவணை தயாரித்துக்கொள்கிறது. நாம் ஏவாமலே பின்னணியில் இது நடைபெறும். விண்டோஸில், 2007-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த விஸ்டா முதற்கொண்டு இது தானாகவே இயங்கி வருகிறது.

ஆள் வேலை செய்யும்பொழுது ஒதுங்கிக்கொள்ளும்படியே இவ்வேலை அமைக்கப்பட்டிருக்கிறது. எனினும் பழைய சுழல் வன்தட்டில், படிக்கும் முனைகள் ஒருங்கே நகர்பவை. ஒரே சமயத்தில் இரண்டு இடங்களுக்குச் செல்ல இயலாது. ஒரு நாடாவைக் கொண்டு இரண்டு தறிகளை ஓட்ட முற்படுவது போன்றதே இது. பழைய பத்திரங்களை ஆயிரக்கணக்கில் படமெடுத்துச் சேர்த்த நாட்களில் தொல்லை மிகும். சுழலும் தட்டில்லாத புதுவகைச் சேமிப்பகத்தில் அது அவ்வளவாகத் தெரியாது.

இதன்பேரில் பெரிய நிறுவனங்களுக்கிடையேயும் வழக்கு எழுந்ததுண்டு. விஸ்டாவின் தேடுதல் வசதியை எளிதில் நிறுத்த முடியவில்லையென்றும், அது தங்கள் தேடுதல் மென்பொருளுக்கு இடையூறென்றும் கூகுள் நிறுவனம் அமெரிக்க அதிகாரிகளிடம் முறையிட்டது. 2007 ஜூனில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மாறுதல்கள் செய்ய இசைந்தது.

நாம் செய்ய வேண்டியது யாது?

1. முதலில் நோயை அறிக. கணினி தாமதிக்கும்பொழுது 'டாஸ்க் மேனேஜர்' பகுதியைத் திறந்து, வன்தட்டை மிகுதியாக ஈடுபடுத்துவது எதுவெனப் பார்க்க வேண்டும். அங்கு அட்டவணை வேலை காணப்படாவிடில், காரணம் வேறு.

2. அதுவே காரணமாயின், கண்ட்ரோல் பேனலில் 'இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து, தேவையற்ற கோப்புறைகளை மட்டும் நீக்கலாம். பெரும்பாலும் இதுவே போதும்.

3. முழுவதும் நிறுத்த வேண்டின், 'சர்வீசஸ்' பட்டியலில் 'விண்டோஸ் சர்ச்' என்பதை நிறுத்தி, தொடக்க முறையை 'டிஸேபிள்டு' என மாற்ற வேண்டும். இதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் தேவைப்படும். மீண்டும் வேண்டுமாயின், அவ்விடத்திலேயே திரும்ப இயக்கலாம்.

நிறுத்தியதால் கோப்புகள் எவையும் அழியமாட்டா. ஆனால் உட்பொருளைக்கொண்டு கோப்பைத் தேடுவது மிகத் தாமதமாகும். நாள்தோறும் பழைய கடிதங்களைத் தேடும் அலுவலகத்திற்கு இது நட்டமே. கணக்குப் பதிவு மட்டும் செய்யும் சங்கத்திற்கு நட்டம் சொற்பம்.

பூட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது நம் திண்டுக்கல். பூட்டை வாங்கியவரிடமே சாவியும் இருத்தல் வேண்டுமென்பதை நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டுவதில்லை. கணினி அங்கத்தினர்களின் பணத்தில் வாங்கியது. அதில் எவ்வேலை நடக்கலாமென்று முடிவு செய்யும் உரிமையும் சங்கத்தையே சாரும். செய்த மாறுதலையும் தேதியையும் ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தல், அடுத்து வரும் குமாஸ்தாவுக்குப் பேருதவியாகும்.