விசேஷ விருந்துக்கு வேண்டிய விளைபொருள்கள்

கிராமங்களில் கலியாணம், வளைகாப்பு, புதுமனை புகுதல், காதணி விழா முதலிய சுப காரியங்கள் நிகழும்போது விருந்தே முதன்மையான செலவாக நிற்கிறது. சமையற்காரர் எழுதிக் கொடுக்கும் ஜாபிதாவைப் பார்த்தால், ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் அதில் வேற்றுமை காண்பது அரிது. உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், முட்டைக்கோசு, பட்டாணி, சேமியா, சர்க்கரை என்று எல்லாம் கடைச் சாமானாகவே இருக்கும். ஐந்து ஏக்கர் நிலமும் கிணறும் உடைய குடும்பஸ்தரும் தம் வீட்டுக் கலியாணத்துக்கு மலையில் விளைந்த காய்களை ரொக்கம் கொடுத்து வாங்கி வருகிறார். அதே சமயத்தில் அவருடைய வேலியோரத்து அவரையும் பரங்கியும் கேட்பாரின்றி முற்றிப்போகின்றன.

இதனால் விளையும் நஷ்டம் இரு வகைப்பட்டது. ஒன்று, விருந்துக்காக வாங்கிய கடன் இரண்டு மூன்று மகசூல்களைத் தின்றுவிடுகிறது. மற்றொன்று, சாமை, வரகு, தினை, குதிரைவாலி போன்ற புன்செய்த் தானியங்கள் விசேஷ இலையில் இடம் பெறாமையால் மதிப்பிழந்து, அவற்றின் சாகுபடிப் பரப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. எந்தத் தானியத்தை விருந்தினருக்குப் படைக்க நாணுகிறோமோ, அதனை நெடுநாள் விதைக்கவும் மாட்டோம். ஆதலின் விருந்துப் பட்டியலைச் சமையலறையில் எழுதுவதற்கு முன்னர் நிலத்திலேயே எழுதிக்கொள்வது சிலாக்கியம். முகூர்த்தம் நிச்சயமாவது பெரும்பாலும் சில மாதங்களுக்கு முன்னரே. அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வழி இங்கே விவரிக்கப்படுகிறது.

சிறுதானியம் ஏழை உணவு என்னும் எண்ணம்

வரகும் சாமையும் பஞ்ச காலத்து உணவு, மங்கல காரியத்துக்கு ஆகா என்று சிலர் கூறுவதுண்டு. கோயில் கோபுரத்துக் கலசங்களில் வரகு நிரப்பும் வழக்கத்தையும், முருகப் பெருமானுக்குத் தேன் கலந்த தினைமாவு படைக்கப்படுவதையும் அவர்கள் நினைத்துப் பார்ப்பார்களாயின் இந்த ஆட்சேபணை நில்லாது. தெய்வத்துக்கு உகந்தது சம்பந்திக்கு ஆகாமற் போவதற்குக் காரணம் இல்லை.

அரிசி ஒன்றையே நம்பியிருப்பதன் அபாயத்தை முன் தலைமுறையினர் நன்கு அறிந்திருந்தனர். 1942-ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943-ல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் உண்டாயிற்று. அக்காலத்தில் புன்செய்த் தானியங்களே பல குடும்பங்களைத் தாங்கின.

பின்னர் நிலைமை மாறி, நெல்லும் கோதுமையும் பெருகவே இத்தானியங்கள் ஒதுக்கப்பட்டன. ஆயினும் 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அனுசரித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி புது தில்லியில் ஜி-20 நாடுகளின் தலைவர்களுக்குக் குடியரசுத் தலைவர் அளித்த இராவிருந்தில், தினையால் செய்த இலை வடிவ வறுவல் தயிருடனும் காரச் சட்டினியுடனும் முதலில் படைக்கப்பட்டது. சாமை வறுவலும் கேரளச் சிவப்பரிசியும் பலாப் பதார்த்தத்துக்குத் துணையாயின. ஏலக்காய் மணம் ஊட்டிய குதிரைவாலி இனிப்பு இறுதியில் வந்தது. பல தேசத்துத் தலைவர்கள் உண்ட தானியத்தை உள்ளூர் உறவினருக்கு இடுவதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை என்பது இதனால் விளங்கும்.

சத்து விஷயத்திலும் இவை தாழ்ந்தவை அல்ல. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ அது மிகச் சொற்பமே. கம்பில் இரும்புச் சத்து அரிசியைவிடப் பன்மடங்கு மிகுதி.

பக்குவம்

எனினும் விருந்து முழுவதையும் சிறுதானியத்தால் நடத்த முற்படுவது தவறு. இரண்டு அல்லது மூன்று பதார்த்தங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றை நேர்த்தியாகச் செய்து படைத்தால் விருந்தினர் மறுமுறை கேட்டு உண்பர். பக்குவம் தவறினாலோ, பத்து ஆண்டுகளுக்கு அந்த ஊரில் ஒருவரும் அதனை இலையில் இடத் துணியமாட்டார். கவனிக்க வேண்டியவை பின்வருமாறு.

முதலாவது, கல் நீக்குதல். களத்தில் அடித்த சாமையிலும் தினையிலும் சிறு மணல் கலந்திருக்கும். இரண்டு மூன்று முறை நீரில் அரித்தெடுத்தல் அவசியம். உமி நீக்கும்போது பத்துக் கிலோ சாமைக்குச் சுமார் ஆறு முதல் ஏழு கிலோ அரிசியே கிடைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இரண்டாவது, நீர் அளவு. அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்கு சாமைக்கோ குதிரைவாலிக்கோ இரண்டு முதல் இரண்டரைப் பங்கு நீரைக் கொதிக்கவிட்டுப் போடவேண்டும். நீர் வற்றியதும் இறக்கிப் பத்து நிமிஷம் மூடிவைத்தால் மலர்ந்து வரும். வரகு இன்னும் சற்று நேரம் பிடிக்கும். பெரிய அண்டாவில் ஒரே முறையாக வடித்தால் அடிப்பாகம் குழைந்துவிடும். ஐந்து கிலோவுக்கு மேற்படாமல் பகுதி பகுதியாகச் சமைப்பது நலம். ஆறியபின் இச்சாதங்கள் இறுகும் இயல்புடையன. ஆகையால் வெறுஞ் சாதமாகப் பரிமாறுவதைக் காட்டிலும் பொங்கல், புளியோதரை, தயிர்ச்சாதம், பாயஸம் ஆகியவற்றுக்கே மிகவும் ஏற்றவை. தயிர்ச்சாதத்துக்குப் பாலைச் சற்றுத் தாராளமாகவே விடவேண்டும்.

மூன்றாவது, மாவின் புதுமை. கம்பு மாவில் எண்ணெய்ப் பசை உள்ளமையால் சில நாட்களில் காறல் தட்டிக் கசந்துவிடும். அடைக்கும் முறுக்குக்கும் வேண்டிய கம்பை விசேஷத்துக்கு முதல் நாள் அரைத்துக்கொள்வதே சரி.

நான்காவது, மிகவும் முக்கியமானது, வரகின் சுத்தம். அறுவடைக் காலத்தில் மழையில் நனைந்து பூஞ்சை பற்றிய வரகு மயக்கம், வாந்தி, நடுக்கம் முதலியவற்றை உண்டாக்கும். 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் பூஞ்சை பற்றிய வரகுப் பயிரை மிகுதியாகத் தின்று மாண்டன. அவற்றின் உடலில் சைக்ளோபியசோனிக் அமிலம் என்னும் பூஞ்சை நஞ்சு காணப்பட்டது. நன்கு காய்ந்து, நிறம் மாறாது, மக்கல் வாடையற்ற வரகையே விருந்துக்குக் கொள்ளவேண்டும். ஐயமிருப்பின் அதனை ஒதுக்கிவிட்டுச் சாமையை உபயோகிப்பது உத்தமம்.

நெல்லிலும் தேர்வு வேண்டும்

சோற்றுக்கு ஆறு மாதமாவது பழகிய அரிசி உதிர் உதிராக வரும். புது அரிசி குழையும் ஆதலால் பொங்கலுக்கே உரியது. சீரகச் சம்பா பிரியாணிக்கும் தேங்காய்ச் சாதத்துக்கும் சிறந்தது. கருப்புக் கவுனி அரிசியை முதல் நாள் இரவே ஊறவைத்து, குழைய வேகவிட்டு, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துச் செய்யும் இனிப்பு செட்டிநாட்டு விருந்துகளில் பெயர் பெற்றது. ஊறவையாது சமைக்கத் தொடங்கினால் விறகும் பொழுதும் வீணாகுமேயன்றி அரிசி வேகாது.

தை மாத முகூர்த்தத்துக்கு விதைக்கும் காலம்

முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு விதைத்தலே இம்முறையின் சாரம். தை மாதத்தில் கலியாணம் என்று வைத்துக்கொண்டால், சேனைக்கிழங்கைச் சித்திரை வைகாசியில் நடவேண்டும். எட்டு மாதத்தில் தோண்டலாம். சாமையை மானாவாரியாக ஆடியில் விதைத்தால் ஐப்பசிக்குள் களத்துக்கு வந்துவிடும். பூசணியும் பரங்கியும் ஆடி ஆவணியில் ஊன்றத்தக்கவை. முற்றிய பூசணி காம்போடு பறித்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. அவரை, மொச்சை இரண்டும் ஆவணி புரட்டாசியில் விதைத்தால் மார்கழி, தையில் காய்த்துக் குலுங்கும். கத்தரிக்குப் புரட்டாசியில் நாற்றுவிட்டு ஐப்பசியில் நடவேண்டும். வெண்டையைக் கார்த்திகையில் ஊன்றினால் நாற்பத்தைந்து நாட்களில் காய் பறிக்கத் தொடங்கலாம். தண்டுக்கீரைக்கு முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பு விதை தூவினாற் போதும். இலைக்கும் காய்க்கும் பூவுக்கும் தண்டுக்கும் உதவும் வாழை மட்டும் ஏறக்குறைய ஓராண்டு முன்னரே தோட்டத்தில் இருக்கவேண்டும்.

வைகாசி முகூர்த்தங்களுக்கு மாங்காய்ப் பச்சடி, பலாக்காய்க் கூட்டு, முருங்கைக்காய்ச் சாம்பார், வெள்ளரித் தயிர்ப்பச்சடி, பானகம், நீர்மோர் ஆகியன இயல்பாகவே அமையும். ஆவணியில் புடலை, பீர்க்கு, கொத்தவரை, வெண்டை ஆகியவை கைகொடுக்கும்.

இருநூறு பேருக்கு மாதிரி விருந்து

தை மாதத்துப் பகல் விருந்து ஒன்றுக்குரிய பட்டியல் கீழே தரப்படுகிறது. அவரவர் குடும்ப வழக்கத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இனிப்பு: சாமைப் பாயஸம், தினைமாவு உருண்டை.
சாதம்: அரிசிச் சோறு, வரகுப் புளியோதரை, குதிரைவாலித் தயிர்ச்சாதம்.
குழம்பு: கத்தரிக்காய்ச் சாம்பார், பூசணிக்காய் மோர்க்குழம்பு, மிளகு ரசம்.
கறிவகை: அவரைக்காய்ப் பொரியல், பரங்கிக்காய்க் கூட்டு, சேனைக்கிழங்கு வறுவல், வாழைப்பூ வடை.
மற்றவை: நெல்லிக்காய் ஊறுகாய், அப்பளம், வாழைப்பழம்.

இதற்கு அரிசி 15 கிலோ, குதிரைவாலி அரிசி 5 கிலோ, வரகரிசி 4 கிலோ, சாமையரிசி 2 கிலோ வேண்டும். சாம்பாருக்குத் துவரம்பருப்பு 5 கிலோவும், கூட்டுக்குப் பாசிப்பருப்பு 2 கிலோவும் போதுமானவை. காய்களில் அவரை 12 கிலோ, சேனை 12 கிலோ, பரங்கி 10 கிலோ, பூசணி 8 கிலோ, கத்தரி 8 கிலோ. பாயஸத்துக்கு வெல்லம் 5 கிலோவும் தேங்காய் 15-ம் தேவை. தினைமாவு உருண்டைக்கு வறுத்து அரைத்த தினை 3 கிலோவும் வெல்லம் 2 கிலோவும் நெய்யும் கூட்டிப் பிடிக்கலாம். சேனையைப் புளி கரைத்த நீரில் வேகவைத்துப் பின்பு வறுத்தால் நாக்கு அரிக்காது. புளியோதரைக்கு வரகுச் சாதத்தைத் துணியில் பரப்பி நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்தபின் புளிக்காய்ச்சலைக் கலக்கவேண்டும்.

மேற்கண்ட காய்களுக்குப் பத்து சென்ட் தோட்டமே போதும். தானியத்துக்கும் பத்து சென்ட் புன்செய் மிகுதி. பருப்பு, புளி, எள் ஆகியவையும் சொந்த விளைவாயின் கடையில் வாங்கவேண்டியவை உப்பு, பெருங்காயம் முதலிய சிலவே. மாலையில் வருவோருக்கு எள்ளுருண்டை, நிலக்கடலை உருண்டை, கம்பு முறுக்கு, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கருப்பட்டி சேர்த்த சுக்குக் காப்பி ஆகியவற்றை வழங்கினால் கடைப் பலகாரத்துக்குச் செலவு இராது.

மீந்த உணவும் மாடுகளும்

எண்ணிக்கையில் மிகுந்த பதார்த்தங்களே விருந்தின் பெருமை என்று கருதுவதால்தான் உணவு வீணாகிறது. முதலில் சிறிது இட்டு, கேட்டவருக்கு மறுபடியும் பரிமாறுவதே மரியாதையும் சிக்கனமும் ஆகும். புளியோதரை, தயிர்ச்சாதம் போன்றவற்றை ஒரு கரண்டி அளவோடு தொடங்குவது நலம்.

மீந்த சோற்றையும் பாயஸத்தையும் மாட்டுத் தொட்டியில் கொட்டுவது பெரும் ஆபத்து. சமைத்த சோறு மிகுதியாக உள்ளே சென்றால் மாட்டின் பெருவயிற்றில் அமிலம் பெருகி, அசை போடுதல் நின்று, வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, எழுந்து நிற்கமாட்டாமல் ஒரே நாளில் மாடு மாண்டுபோகவும் கூடும். கலியாண வீட்டுக் கறவைப் பசு இவ்வாறு இறப்பது கிராமங்களில் அபூர்வம் அன்று. மீந்த உணவு வைக்கும் இடத்தில் மாடுகள் அவிழ்த்துக்கொண்டு வாராதபடி அன்றிரவு காவல் வைக்கவேண்டும். தின்றுவிட்டது தெரிந்தால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். எச்சில் இலைகளை எருக்குழியில் இட்டுச் சாணமும் மண்ணும் போட்டு மூடினால் அடுத்த பருவத்துக்கு எருவாகும்.

கிராமத் தலைவர்கள் செய்யத்தக்கது

புதுமை எதுவும் முதலில் பெரிய வீட்டில் தோன்றினால்தான் மற்றவர் பின்பற்றுவர். ஒரு கலியாணத்தில் நல்ல சாமைப் பாயஸம் பரிமாறப்பட்டால், அடுத்த ஆடியில் நாலு பேர் சாமை விதை தேடி வருவர். விதை தேடுவோர் உள்ளவரையில் அத்தானியம் அழியாது. நிலச்சுவான்தார்களும் ஊராட்சித் தலைவர்களும் கிராம அதிகாரிகளும் தம் இல்லத்து விசேஷங்களிலும், ஊர்ப் பொங்கல், கோயில் அன்னதானம் ஆகியவற்றிலும் ஒரு சிறுதானியப் பதார்த்தத்தையேனும் சேர்த்து வழிகாட்டுதல் வேண்டும். வரும் தை முகூர்த்தத்துக்குப் பெண் பார்த்து வைத்திருக்கும் வீட்டார், சேனை நடும் சித்திரையிலேயே விருந்துப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்வார்களாக.